ஹேவ்லாக்கில் முதல் ஸ்கூபா: கட்டின காசை மறந்துவிட்டு இறங்குங்கள்

அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு என்று சொன்னாலே அடுத்த கேள்வி "ஸ்கூபா பண்ணுவீங்கல்ல?" என்பதுதான். முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவதுதான் ஸ்கூபா. தாராளமாகப் பண்ணலாம், நீச்சல் தெரியாவிட்டாலும் பண்ணலாம். ஹேவ்லாக்கில் தினமும் காலையில் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறவர்களில் பலர் அதற்கு முன் கிணற்றில்கூடக் குதித்ததில்லை. (2018 முதல் அந்தத் தீவின் அரசுப் பெயர் ஸ்வராஜ் த்வீப். போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. படகுத்துறையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, நானும் பழைய பெயரிலேயே எழுதுகிறேன்.)

முதல்முறை இறங்குகிறவர்களுக்குக் கிடைப்பது "ட்ரை டைவ்" (Try Dive), அதாவது சும்மா செய்துபார்க்கும் டைவ். "டி.எஸ்.டி." (Discover Scuba Diving) என்றும் சொல்வார்கள். சான்றிதழ் வேண்டாம். பயிற்சியாளர் உங்கள் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே கூட்டிப்போவார். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். சரியாக நடந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நான் பார்த்த வரையில் ஆளைச் சிக்கலில் மாட்டிவிடுவது "காசு கட்டியாச்சே" என்ற நினைப்புதான். சளியோடு இறங்குவது, காது வலித்தும் வாயைத் திறக்காமல் இருப்பது, காலையில் டைவ் முடித்துவிட்டு அன்றைக்கே விமானம் பிடிப்பது எல்லாமே அதில் முளைப்பவை. அந்தத் தொகையை ஊரிலேயே செலவுக் கணக்கில் எழுதி மூடிவிட்டு வாருங்கள்.

1. முதலில் திரும்பும் டிக்கெட்டைப் பாருங்கள்

நம் பத்திரிகைகள் எப்போதும் "ஆக்சிஜன் சிலிண்டர்" என்றே எழுதும். ட்ரை டைவுக்கு முதுகில் மாட்டுவது நாம் சுவாசிக்கும் இதே காற்றை அமுக்கி அடைத்த சிலிண்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது அந்த நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாக மெதுவாக வெளியேறும். சட்டென்று அழுத்தம் குறைந்தால், கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் பொங்குமே, அதுபோல உடம்புக்குள்ளேயே குமிழ் கட்டும். மூட்டுவலியில் தொடங்கி கை கால் விழுவது வரை இதனால் வரலாம்.

விமானம் இங்கேதான் வருகிறது. பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி, கொடைக்கானல் உயரத்து அழுத்தம்தான். டைவ் முடித்த கையோடு விமானம் ஏறுவது, கடலடியிலிருந்து நேராக மலையுச்சிக்குப் போவது மாதிரி. டைவிங் மருத்துவத்தில் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமாவது இடைவெளி, ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். நான் ஒரு டைவுக்கே ஒரு முழு நாள் விட்டுவிடுவேன். கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பதைவிட அது நிம்மதி.

ஆகவே பயணத்தை இப்படி அடுக்குங்கள்: முதல் நாள் போர்ட் பிளேர், இரண்டாம் நாள் ஹேவ்லாக் கப்பல், மூன்றாம் நாள் காலை டைவ். அடுத்த நாள் ராதாநகர் கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருங்கள். அதற்கடுத்த நாள் கப்பல், விமானம். கப்பல் கடல் மட்டத்தில் போவதால் டைவ் அன்றே ஏறினாலும் பாதகமில்லை. மழையால் டைவ் ஒரு நாள் தள்ளிப்போனாலும் இந்த அடுக்கில் இடம் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, கடல் கொந்தளிப்பு, கலங்கல். டைவுக்காகவே போவதென்றால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, அந்தமான் போகாதவர்களுக்கும் சேர்த்து. ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ காலையில் டைவ் செய்துவிட்டு மாலையில் காரில் கொடைக்கானல் ஏறாதீர்கள். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலே. உடம்புக்கு விமானமும் மலைப்பாதையும் ஒன்றுதான்.

ராதாநகர் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதையொட்டிய நீல்ஸ் கோவ் பகுதியில் 2010இல் ஒரு சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்தார். "முதலை" பலகை வைத்திருக்கும் இடத்தில் கால் நனைக்கக்கூட வேண்டாம்.

2. படிவத்தில் பொய் எழுதாதீர்கள்

டைவுக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை, நுரையீரல் பிரச்சினை, சர்க்கரை, கர்ப்பம் என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். எனக்கு முதல் முறை அந்தக் காகிதத்தை நீட்டியவர் பேனாவையும் கொடுத்து, "எல்லாத்துக்கும் நோ போடுங்க சார், டைம் ஆகுது" என்றார். போட்டேன். இன்றைக்கென்றால் அந்தக் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருப்பேன்.

ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்றால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள். தீவுக்குப் போய் அதற்கு அலைய முடியாது. ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 45 வயதைத் தாண்டியவர்கள், ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள், மாடிப்படி ஏறினாலே இரைப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். டைவில் இறந்துபோகிறவர்களில் கணிசமானவர்களுக்கு இதயம்தான் காரணமாக இருக்கிறது. கர்ப்பமாக இருந்தால், ஆரம்ப வாரம்தான் என்றாலும், டைவ் கிடையாது. சாதாரண ட்ரை டைவுக்கே குழந்தைகளுக்கு 10 வயதாகியிருக்க வேண்டும்.

மூக்கடைப்பு, சளி இருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கலாமே என்று தோன்றும். அதன் வீரியம் தண்ணீருக்குள்ளேயே குறைந்துவிட்டால், மேலே வரும்போது காற்று காதுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தேடும். அந்த வலி இறங்கும்போது வருவதைவிட மோசம்.

3. கடையைத் தேர்ந்தெடுப்பது

ஹோட்டல் வரவேற்பிலும் படகுத்துறையிலும் கார் ஓட்டுநரிடமும் ஸ்கூபா பேக்கேஜ் கிடைக்கும். "ஃபோட்டோ, வீடியோ ஃப்ரீ" என்பதுதான் எல்லாருடைய முதல் வரி. அந்த வீடியோவை எடுப்பது யார் என்று கேளுங்கள். உங்கள் சிலிண்டரைப் பிடித்திருக்க வேண்டிய கையிலேயே கேமராவும் இருந்தால், அந்தக் கடை வேண்டாம். படம் எடுக்கத் தனி ஆள் வருகிறார் என்றால் சரி.

அடுத்து, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முதல் முறைக்கு ஒருவருக்கு ஒருவர் என்று கேட்டு வாங்குங்கள். பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) போன்ற டைவிங் சான்றிதழ் அமைப்புகளின் பயிற்சியாளர் அட்டையில் ஒரு எண் இருக்கும். அந்த அமைப்பின் இணையதளத்தில் தட்டினால் இவர் உண்மையில் பயிற்சியாளரா, அட்டை நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கரையில் முதலுதவிக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் என்ற வார்த்தை சரியாகப் பொருந்தும் இடம் அதுதான். எங்கே, காட்டுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். நல்ல கடையில் சந்தோஷமாகக் காட்டுவார்கள். ஏதாவது ஆனால் எங்கே கொண்டுபோவீர்கள், அழுத்த சிகிச்சைக்கான சேம்பர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் யோசிக்காமல் பதில் வர வேண்டும்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால் சிறிய எழுத்தைப் படியுங்கள். பல பாலிசிகளில் சாகச விளையாட்டு சேராது.

4. டைவ் நாள் காலை

முந்தின ராத்திரி பீர் வேண்டாம். காலையில் நிறையத் தண்ணீர், இரண்டு இட்லி போதும். பூரியை ஒரு கை பார்த்துவிட்டு அலையில் மிதந்தால் அது மேலே வந்துவிடும். வாந்தி மாத்திரைகளில் பல தூக்கக் கலக்கம் தருபவை, டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

மீசைக்காரர்கள் கவனிக்க. கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கின் சிலிகான் விளிம்பு மூக்குக்குக் கீழே தோலில் அப்பி உட்கார வேண்டும். மீசை இருந்தால் அந்த முடி வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறி, ஐந்து நிமிடத்தில் மூக்கு வரை வந்துவிடும். மீசையை எடுக்கச் சொல்லவில்லை. மூக்குக்கு நேர் கீழே மேல்விளிம்பில் ஒரு கோடு மழித்துவிட்டால் அடங்கிவிடும். பெண்களுக்கு முன்நெற்றி முடி இதே வேலையைச் செய்யும், அதை இழுத்துக் கட்டிவிடுங்கள். தொங்கும் கம்மல், வளையல், மோதிரம் அறையிலேயே இருக்கட்டும். தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள் வெட்சூட்டுக்குள் (அந்த ரப்பர் உடுப்பு) நன்றாகத் தள்ளி ஜிப்பை மூடிக்கொள்ளலாம்.

கருவிகளை அவர்கள் மாட்டிவிடுவார்கள். ஆனாலும் நீங்களே பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. சிலிண்டர் காற்றை மூச்சிழுக்கத் தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்து, சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து முறை ஆழமாக மூச்சிழுங்கள். முள் ஏறக்குறைய 200 பாரில் (bar, அழுத்தத்தின் அளவு) அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வை முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, காற்றுக்கு வாசனையே இருக்கக் கூடாது. எண்ணெய் நாற்றமோ புகை வாடையோ வந்தால் அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள். காற்று அடைக்கும் இயந்திரத்தின் புகை உள்ளே போயிருக்கலாம், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்.

மாஸ்க்கில் ஆவி படியாமல் இருக்க எச்சில் துப்பித் தேய்த்துக் கடல்நீரில் அலசுவார்கள். அருவருப்பு படாதீர்கள், நன்றாக வேலை செய்யும்.

5. இடுப்பளவுத் தண்ணீரில் அவசரப்படாதீர்கள்

ஆழத்துக்குப் போகும் முன் கரையோரத்தில் சில பயிற்சிகள் தருவார்கள். வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுத்துத் திரும்ப வைத்து, ஊதித் தண்ணீரை வெளியேற்றுவது ஒன்று. மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அண்ணாந்து, மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவது இன்னொன்று. மூன்றாவது, காது அடைப்பைத் திறப்பது (ஏழாவதில் சொல்கிறேன்).

கூட்டம் அதிகமுள்ள நாட்களில் இதை ஐந்தே நிமிடத்தில் முடித்து, "ஓகேவா, போலாமா?" என்பார்கள். மூன்றும் உங்களுக்குப் பதறாமல் வரும்வரை "இன்னொரு தடவை" என்று சொல்லுங்கள். பின்னால் பத்துப் பேர் காத்திருந்தால் காத்திருக்கட்டும். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்ததும் பயந்து, மாஸ்க்கையே பிய்த்தெறிந்துவிட்டு மேலே பாய்கிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இடுப்பளவில் அது சிரிப்பு, 8 மீட்டரில் உயிருக்கே ஆபத்து.

இது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அங்கேயே தெரிந்தாலும் நல்லதுதான். கரையேறி ஓர் இளநீர் குடியுங்கள்.

6. மூச்சை அடக்காதீர்கள்

நமக்கு இது கொஞ்சம் கஷ்டம். முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் உள்ள கடற்கரை நம்முடையது. தண்ணீரில் மூழ்குவது என்றாலே "மூச்சடக்கி" என்றுதான் நம் வாயில் வரும். ஸ்கூபாவில் முதல் விதியே அதற்கு நேர் எதிர்: எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது.

முத்துக்குளிப்பவர் மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறார். ஆழத்தில் அந்தக் காற்று சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்கே விரியும், அவ்வளவுதான். நீங்களோ 10 மீட்டர் ஆழத்தில், அங்கேயுள்ள இரண்டு மடங்கு அழுத்தத்தில் நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிறீர்கள். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை, கிழியும். காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் நிமிடங்களில் நினைவு தப்பும். ஆளுயரத் தண்ணீரிலிருந்து மூச்சடக்கி எழுந்தாலே இது நடக்க வாய்ப்புண்டு. பயிற்சியின்போது பயந்துபோய் விசுக்கென்று எழுந்து நிற்கத் தோன்றுமே, அப்போதும் மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிட்டால் "ஆ..." என்று சன்னமாகக் குமிழ் விட்டபடி அதைத் தேடுங்கள்.

இருமல் வந்தால் ரெகுலேட்டருக்குள்ளேயே இருமலாம். வாந்தி வந்தால்கூட அதற்குள்ளேயே எடுக்கலாம். வாயிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

7. காதும் கைச்சாடையும்

தண்ணீருக்குள் காது வலிப்பது, வெளியேயுள்ள அழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளுவதால். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெல்ல ஊதினால் காது "டப்" என்று திறக்கும். மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்கினாலும் சிலருக்குத் திறக்கும். வலி வந்த பிறகு செய்வதல்ல இது. தலை மூழ்கியதுமே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒரு முறை செய்துகொண்டே இறங்க வேண்டும். திறக்கவில்லை என்றால் பலம் கொண்ட மட்டும் ஊதாதீர்கள், உள்காதையே சேதப்படுத்திவிடும். கொஞ்சம் மேலே போய்த் திரும்ப முயலுங்கள். அப்போதும் இல்லையா, டைவ் முடிந்தது.

என் முதல் டைவில் லேசான சளி இருந்தது. சொல்லவில்லை. மூன்று மீட்டர் போவதற்குள் இடது காதில் யாரோ ஈர்க்குச்சியை விட்டுத் திருகுவதுபோல இருந்தது. பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்து ஓகேவா என்று சாடை கேட்டார். திரும்பிப் போகச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், சூப்பர் என்பதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் அந்த நொடியே என்னை மேலே கூட்டிப்போக ஆரம்பித்துவிட்டார். தண்ணீருக்குள் கட்டைவிரல் மேலே என்றால் "மேலே போகணும்" என்று அர்த்தம்! கரையில் சொல்லித்தந்திருந்தார், நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை. நான் விடாமல் ஓகே காட்டி மறுபடி இறங்கினேன். பலன், ஊர் திரும்பி ஒரு வாரம் இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி. விமானம் சென்னையில் இறங்கும்போது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆகவே: நலம் என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். ஏதோ சரியில்லை என்றால் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, பிறகு இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். காது என்றால் காது. மேலே போக வேண்டும் என்றால் கட்டைவிரல். காற்று வரவில்லை என்றால் கழுத்துக்குக் குறுக்கே கையை வெட்டுவது. உடனே பயிற்சியாளர் தன்னிடமுள்ள உபரி ரெகுலேட்டரைத் தருவார். முந்தின ராத்திரி அறையில் ஒருவருக்கொருவர் காட்டிப் பழகிக்கொள்ளுங்கள். காரணம் சொல்லாமலே கட்டைவிரல் காட்டலாம். "எனக்குப் போதும்" என்பதும் ஒரு காரணம்தான்.

8. கீழே

இரண்டாம் நம்பர் கடற்கரையையொட்டிய நீமோ ரீஃபில் முதல்முறைக்காரர்கள் நிறைய இறங்குவார்கள். பவளம், கோமாளி மீன், கிளிமீன் எல்லாம் பார்க்கலாம். எதையும் தொடாதீர்கள். கல் என்று நினைத்துக் கை வைப்பது கல்மீனாக இருக்கலாம், சிங்கமீனின் முதுகு முள்ளிலும் விஷம். குத்திவிட்டால் கரைக்கு வந்து, தோல் வெந்துபோகாத அளவுக்குப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணிக்கு மேல் அமுக்கி வைத்தால் வலி இறங்கும். அப்புறம் மருத்துவமனை.

பவளத்தை ஒடித்து எடுத்துவருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கரையில் கிடந்த துண்டு என்று விமான நிலையத்தில் சொன்னாலும் எடுபடாது.

9. மேலே வந்த பிறகு

ஏறுவது மெதுவாக, உங்கள் குமிழ்களில் மிகச் சிறியது போகும் வேகத்தைத் தாண்டாமல். நிமிடத்துக்கு 9 மீட்டர் என்பது சரியான வேகம். வேகத்தைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார், நீங்கள் மூச்சை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில டைவ்களில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்திவைப்பார்கள். போரடித்தாலும் நில்லுங்கள்.

இது பிடித்துப்போய்ச் சான்றிதழ் படிப்புக்கு வந்தால், ஓப்பன் வாட்டர் மூன்று நான்கு நாள் வேலை, 18 மீட்டர் வரை அனுமதி. அதற்கு நீச்சல் கட்டாயம், 200 மீட்டர் நீந்திக் காட்டி 10 நிமிடம் மிதக்கவும் வேண்டும். கிளம்பும் முன்பே உள்ளூர்க் குளத்தில் பழகிவிடுங்கள்.

டைவ் முடிந்த அன்று ஜிம், மசாஜ், குடி மூன்றையும் தள்ளிவையுங்கள். ஆழம் எவ்வளவு, எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏறினீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்டு செல்ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த 24 மணி நேரத்துக்குள் தோள், முழங்கை, முட்டியில் காரணமில்லாத வலி, கை கால் மரத்துப்போவது, கிறுகிறுப்பு, தோலில் அரிப்பும் திட்டும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சிறுநீர் பிரியாமல் போவது இப்படி எது வந்தாலும் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். டைவ் கடைக்கு ஃபோன் செய்து ஆக்சிஜன் கேளுங்கள், விமானத்தைத் தள்ளிப்போடுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தைலம் தடவி அனுப்பிவிடாமல் இருக்க, வலி எங்கே என்று சொல்வதற்கு முன்பே "நேத்து ஸ்கூபா பண்ணினேன், இத்தனை மீட்டர், இத்தனை நிமிஷம்" என்று சொல்லிவிடுங்கள்.